இரட்டைத் தகட்டுச் சுவர்

வெல்டர் வீட்டில் இரும்பில்லாத சாமான் எதுவென்று தேடினால் தலையணையும் குடிக்கிற தண்ணீரும்தான் மிஞ்சும். கட்டில், கதவு, ஜன்னல், அலமாரி, துணி காயப்போடுகிற கம்பி, தலைக்கு மேல் கூரை எல்லாமே அவர் கையால் வெட்டிப் பற்றவைத்தவை. மழைக்காலத்தில் வீடே தகர டப்பாவாகச் சத்தம் போடும். வெயில் காலத்தில் அதே டப்பாவுக்குள் ஆட்கள் வேகுவார்கள். இதை யாராவது வாய்விட்டுச் சொன்னால் வெல்டருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். "கல்லுல கட்டினவன் வீடெல்லாம் விரிசல் விட்டு நிக்குது. என் வீட்ல ஒரு மூலை விலகியிருக்கா? காட்டு, பார்ப்போம்" என்பார்.

வீட்டின் முன்பாதி பட்டறை. பின்பாதி ஒரே ஒரு அறை. இரண்டுக்கும் நடுவில் நிற்கிற சுவரைத்தான் வெல்டர் தன் வாழ்நாள் வேலை என்று சொல்லிக்கொள்வார். மகள் தொட்டிலில் கிடந்த காலத்தில் பட்டறை வெளிச்சம் பட்டுப் பட்டு அவள் கண் சிவந்து நீர் வடிந்தது. இந்த வெளிச்சம் குழந்தைக்கு ஆகவே ஆகாது என்று டாக்டர் கண்டித்தார். அன்று மாலையே வெல்டர் ஆரம்பித்துவிட்டார். இரண்டு வரிசை இரும்புத் தகடு, நடுவில் திணித்துத் திணித்து அடைத்த மரத்தூள், தரையிலிருந்து கூரை வரை இடைவெளியே விடாத பற்றவைப்பு. பட்டறைப் பக்கம் வாசல் கூடாது என்று அறைக்கதவைக் கொல்லைப் பக்கம் வைத்தார். அறைக்குப் போக வேண்டுமானால் வீட்டை ஒட்டிய சந்து வழியாகச் சுற்றிக்கொண்டுதான் போக வேண்டும். வெளிச்சம் வரவில்லை, சத்தம் பாதியாகக் குறைந்தது, குழந்தை தூங்கினாள். ஊசிமுனை வெளிச்சம் உள்ளே வந்தால் தொழிலையே விட்டுவிடுவதாக அவர் தெருவெல்லாம் சவால் விட்டுக்கொண்டு திரிந்தார்.

அந்தக் குழந்தைக்கு இப்போது தலையில் நரை எட்டிப் பார்க்கிறது. ஆனாலும் வீட்டில் அவள் பாப்பாதான். கடல் தாண்டி எங்கோ ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் சலவைக்கூடத்தில் வேலை. அவள் வளர்ந்த அறையில் இப்போது அவளுடைய அம்மா படுத்திருக்கிறாள்.

கொல்லையில் ஈரத்தில் வழுக்கி விழுந்தவள்தான். இடுப்பு எலும்பு போய்விட்டது. இதயம் இருக்கிற இருப்பில் கத்தி வைக்க முடியாது என்று கையை விரித்த டாக்டர்கள், காலில் எடை கட்டிப் படுக்கவைக்கச் சொன்னார்கள், அசைக்கவே கூடாது என்றும் சொன்னார்கள். வெல்டர் அறைக்குள்ளேயே உட்கார்ந்து குழாய்களை வெட்டி, தலைமாட்டை உயர்த்தவும் காலில் எடை தொங்கவும் வசதியாக ஒரு கட்டில் செய்தார். ஆஸ்பத்திரிக் கட்டில் அதன் பக்கத்தில் வர முடியாது. அறைக்குள்ளேயே செய்த கட்டில் அறைவாசல் வழியாக வெளியே போகாது என்பது செய்து முடித்த பிறகுதான் அவருக்கு உறைத்தது. அவர் தங்கை தலையில் அடித்துக்கொண்டாள்.

"ஏன்ணே, நாளைக்கு அண்ணியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகணும்னா என்ன பண்ணுவே? வீட்டையே தூக்கிட்டுப் போவியா?"

"போறப்போ பார்த்துக்கலாம். நல்ல வார்த்தை சொல்ல உனக்கு வாயே வராதா?"

தங்கை புருஷனைப் பறிகொடுத்துவிட்டு இங்கே வந்து சேர்ந்தவள். வாய் கொஞ்சம் நீளம், வேலையில் கை அதைவிடச் சுறுசுறுப்பு. அண்ணியைத் துடைத்துவிடுவது, புரட்டிவிடுவது, கஞ்சி காய்ச்சுவது எல்லாம் அவள்தான். ஊட்டுவது மட்டும் அவள் கையில் இல்லை. அது கடல் தாண்டி இருக்கிற பாப்பாவின் கையில் இருந்தது.

சின்ன வயதில் பாப்பா சாப்பிடப் படுத்துகிற பாடு கொஞ்சநஞ்சமில்லை. "உனக்கு ஒரு வாய், எனக்கு ஒரு வாய்" என்று அம்மா எதிரே உட்கார்ந்து தானும் சாப்பிட்டால்தான் பாப்பா வாயைத் திறப்பாள். அப்படிப் பழகியது இரண்டு பேரையும் விடவில்லை. பாப்பா வெளிநாடு போன பிறகும், வேலை முடிந்து வீடு திரும்பித் தட்டோடு போன் முன்னால் உட்காருவாள். அம்மா பட்டறையில் பட்டடைக்கல்லுக்குப் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு, போனை இடுக்கியில் சாய்த்துவைத்துத் தன் தட்டோடு உட்காருவாள். அம்மாவுக்குக் காது மந்தம். காலமெல்லாம் சுத்தியல் சத்தத்துக்குப் பக்கத்தில் வாழ்ந்தவளுக்கு வேறெப்படி இருக்கும்? குரலை மட்டும் வைத்துக்கொண்டு அவளால் ஒன்றும் பண்ண முடியாது. வாய் அசைவதைப் பார்க்க வேண்டும், மெல்லுவதைப் பார்க்க வேண்டும்.

படுத்த பிறகு மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகுதான் பெரிய மாத்திரை போட வேண்டும் என்று ஆனது. மருந்து மயக்கத்தில் அம்மாவுக்குப் பசியே செத்துப்போயிற்று. யார் ஊட்டினாலும் பல்லைக் கடித்துக்கொண்டாள். பாப்பா வந்தால் மட்டும் வாயைத் திறந்தாள். அதனால் பாப்பா தன் வேலை இடைவேளையில் கூப்பிட ஆரம்பித்தாள். அங்கே ஏதோ வெள்ளையாக ஒரு சுவர், அதன் முன்னால் பாப்பா, கையில் டப்பா. கஞ்சி ஒரு கரண்டி இங்கே, ஒரு வாய் அங்கே.

பட்டறையில் சந்துப் பக்கமாக மாட்டியிருந்த வைஃபை பெட்டியிலிருந்து சந்தைச் சுற்றிக் கொல்லை வாசல் வழியாக வந்து சேர்கிற சிக்னலில் பாப்பாவின் முகம் தண்ணீருக்கடியில் கிடக்கிற மாதிரி கலங்கித்தான் தெரிந்தது. ஆனாலும் வாய் அசைவது தெரிந்தது. அது போதுமாக இருந்தது.

ஒரு நாள் நடுச் சாப்பாட்டில் படம் நின்றுவிட்டது. பாப்பாவின் வாய் திறந்தபடி, கண் பாதி மூடியபடி, கழுத்து ஒரு பக்கம் சாய்ந்தபடி அப்படியே நின்றது. அம்மா அலறிய அலறலில் வெல்டர் கையிலிருந்த கம்பியைப் போட்டுவிட்டுச் சந்து வழியாக ஓடி வந்தார்.

"என்னங்க, பிள்ளைக்கு என்னமோ ஆயிடுச்சுங்க! வாயைத் திறந்தவ திறந்தபடியே கிடக்கறா. யாரையாவது ஓடச் சொல்லுங்க!"

"ஒண்ணும் இல்லம்மா, நெட்டு நின்னுபோச்சு. இது படம். வெறும் படம்."

"படமா? இப்பத்தானே பேசினா?"

எத்தனை சொல்லியும் அவள் நம்பவில்லை. அன்று கஞ்சி அப்படியே ஆறிப்போயிற்று. மறுநாள் பாப்பா வந்து சிரித்தபோதும் அம்மா அரை மனதாகத்தான் வாயைத் திறந்தாள். மறுபடியும் படம் நின்றது. அதற்கப்புறம் போனைக் கண்டாலே முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

நெட்காரரைக் கூப்பிட்டார்கள். வந்தவர் முதலில் பெட்டியைத் தேடினார். கிடைக்கவில்லை.

"பாக்ஸ் எங்கங்க?"

வெல்டர் பெருமையாகக் காட்டினார். சுவரில் ஒரு இரும்புக் கூண்டு. கனமான தகடு, நெருக்கமான கம்பி, பூட்டு. பட்டறையில் பொறி பறந்து விழுந்து பெட்டி பொசுங்கிவிடக் கூடாதே என்று அவரே பார்த்துப் பார்த்துச் செய்தது. உள்ளே பெட்டி கண்ணைச் சிமிட்டிக்கொண்டு கிடந்தது.

நெட்காரர் சிரிப்பை அடக்க முடியாமல் திரும்பிக்கொண்டார். "ஐயா, அது என்ன தப்புப் பண்ணுச்சுன்னு ஜெயில்ல போட்டிருக்கீங்க? இரும்பு இருந்தா சிக்னல் வெளிய வராதுங்க."

கூண்டைக் கழற்றியதும் கொஞ்சம் தேவலை என்று ஆயிற்று. நெட்காரர் போனைக் கையில் பிடித்துக்கொண்டு சந்து, கொல்லை, அறை என்று நடந்து பார்த்தார். அறைக்குள் போய் அந்தச் சுவரைத் தட்டினார். மந்தமாக ஒரு சத்தம் வந்தது.

"இதுக்குள்ள என்ன இருக்கு?"

"ரெட்டைத் தகடு. நடுவுல மரத்தூள். ஊசி போகாது."

"அதான் ஊசி போகாத இடத்துல சிக்னல் மட்டும் எப்படிப் போகும்? மேலயும் தகடு, சுத்தியும் தகடு. நீங்க சுவர் கட்டல ஐயா, சிக்னலுக்குக் கல்லறை கட்டியிருக்கீங்க. இந்தச் சுவர்ல கொஞ்சமாவது திறந்துவிட்டா எல்லாம் சரியாயிடும்."

வெல்டரின் முகம் மாறிவிட்டது. "சுவர்ல கை வைக்கிற பேச்சே வேணாம். வேற வழி சொல்லு தம்பி."

"ஒயரை நீளமாக்கிப் பெட்டியையே அறைக்குள்ள வைக்கலாம். ஆனா கம்பத்துல இருந்து புது ஒயர் இழுக்கணும். அதுக்கு ஆள் வேற. ஒரு வாரம் பத்து நாள் ஆகும். எழுதிப் போட்டுடறேன்."

ஒயரை நீளமாக்க ஒரு வாரமா? நெட்காரரின் வண்டி தெரு திரும்புவதற்குள் வெல்டரின் கை பரபரக்க ஆரம்பித்துவிட்டது. வெட்டி ஒட்ட முடியாத பொருள் இந்த உலகத்தில் கிடையாது என்பது அவர் கொள்கை. உடைந்த பம்பு, முறிந்த அச்சு, ஒரு தடவை பக்கத்து வீட்டு மூக்குக் கண்ணாடியின் கம்பியைக்கூட ஒட்டிக் கொடுத்திருக்கிறார். ஒயர் எம்மாத்திரம்? பட்டறையில் சுருள் சுருளாக ஒயர் கிடக்கிறது. நடுவில் வெட்டி, ஒரு துண்டைச் சேர்த்து, சந்து வழியாக இழுத்துவிட்டால் ஆயிற்று.

வெட்டினார். தோலைச் சீவினார். இன்னும் சீவினார். தங்கை எட்டிப் பார்த்தாள்.

"என்னண்ணே, உள்ள கம்பியையே காணோம்?"

"இருக்கும். மெல்லிசா இருக்கும்."

இருந்தது முடி மாதிரி ஒரு கண்ணாடி இழை. கம்பியை முறுக்குவதாக நினைத்து முறுக்கினார், பொடிப்பொடியாக நொறுங்கியது. இன்னும் கொஞ்சம் உள்ளே தள்ளிச் சீவினார், அதுவும் நொறுங்கியது. விரலில் கண்ணுக்குத் தெரியாமல் ஏதோ குத்திக்கொண்டது. பெட்டியில் பச்சையாக எரிந்துகொண்டிருந்த விளக்கு சிவப்பாகிவிட்டது. வெல்டர் அந்தச் சிவப்பு விளக்கையே பார்த்துக்கொண்டு நின்றார்.

மறுநாள் வந்த நெட்காரர் சிரிக்கவில்லை. "ஐயா, இது இரும்பில்ல. இது வெளிச்சம் போற கண்ணாடி. வெட்டி ஒட்ட எங்ககிட்ட தனி மெஷின் இருக்கு. ஒரு வார்த்தை கேட்கக் கூடாதா?" என்று மட்டும் சொன்னார். பாழான நீளத்தையெல்லாம் நறுக்கி எறிந்துவிட்டு மிச்சத்தை ஒட்டினார். ஒயர் நீள்வதற்குப் பதில் குறைந்துபோயிற்று. சந்துப் பக்கம் இருந்த பெட்டி இப்போது தெருவாசலுக்கு வந்துவிட்டது. பட்டறைக்குள் படம் கண்ணாடி மாதிரி தெரிந்தது. சந்தைச் சுற்றி அறைக்குப் போனால் பாப்பாவின் முகம் வரவே இல்லை. நடுவில் ஒரு வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. வாய் அசைவு என்று இருந்த ஒன்றையும் வெல்டர் தன் கையாலேயே கெடுத்துக்கொண்டார்.

தெருவில் நின்று பாப்பாவிடம் பேசினார்.

"அப்பா, அம்மா இன்னைக்கு எவ்வளவு சாப்பிட்டா?"

"ரெண்டு கரண்டி."

"நேத்து?"

"நேத்தும் அப்படித்தான்."

"அப்பா, பொய் சொல்லாதீங்க. அத்தைகிட்ட போனைக் குடுங்க."

தங்கை போனை வாங்கியதும் ஒளிக்கவில்லை. "ஒண்ணும் இறங்கல பாப்பா. தண்ணிகூட துணியில நனைச்சு உதட்டுல தடவறேன். உங்கப்பன் ஒயரைச் சீவிட்டு உட்கார்ந்திருக்கான்."

அந்தப் பக்கம் பாப்பா அழுதாள். பிறகு அவளே ஒரு யோசனை சொன்னாள். ராத்திரி அவள் வீட்டில் சாப்பிடுவதை வீடியோ எடுத்து அனுப்பினாள். ஒவ்வொரு வாய்க்கும் நடுவில் நிறுத்தி, சிரித்து, "இன்னொரு வாய்ம்மா, ஆ காட்டு" என்று பேசியிருந்தாள். வெல்டர் அதைப் பட்டறையில் இறக்கிக்கொண்டு அறைக்கு ஓடினார். படம் துல்லியமாக இருந்தது. நடுவில் நிற்கவும் இல்லை.

அம்மா பார்த்தாள். முகம் மலர்ந்தது. வாயைத் திறந்தாள். தங்கை கரண்டியை வைத்தாள். ஒரு வாய், இன்னொரு வாய். வெல்டருக்குக் கண்ணில் தண்ணீர் முட்டியது.

"கால் வலி எப்படி இருக்கு பாப்பா? எண்ணெய் தேய்ச்சியா?" என்று அம்மா கேட்டாள்.

"அப்படித்தான். நல்லா மெல்லு" என்றது படம்.

"நான் கால் வலியைக் கேட்டேன்."

"இன்னொரு வாய்ம்மா, ஆ காட்டு."

அம்மா கண்ணைச் சுருக்கிக்கொண்டு படத்தையே பார்த்தாள். "பாப்பா, இங்க பாரு. அம்மாவைப் பாரு." படம் சிரித்துக்கொண்டே ஒரு வாய் சாப்பிட்டது. அம்மாவின் முகத்தில் இரத்தம் வற்றியதை வெல்டர் கண்ணால் பார்த்தார். எங்கிருந்து அந்தப் பலம் வந்ததோ, கையால் ஒரே தட்டுத் தட்டினாள், கஞ்சிக் கிண்ணம் சுவரில் போய் மோதியது.

"செத்தவங்களைத்தாங்க இப்படிப் படம் புடிச்சு வெச்சுக் காட்டுவாங்க. என்கிட்ட எதை மறைக்கறீங்க? என் பிள்ளை எங்க?"

உள்ளே போன இரண்டு வாயும் வெளியே வந்துவிட்டது. அதன் பிறகு அவள் பேசவும் இல்லை.

மறுநாள் காலை நர்ஸம்மா வந்தார். கையைப் பிடித்துப் பார்த்தார், கண் இமையைத் தூக்கிப் பார்த்தார், நாக்கை நீட்டச் சொன்னார். அம்மா நீட்டவில்லை. நர்ஸம்மா வெல்டரைக் கொல்லைக்குக் கூட்டிக்கொண்டு வந்தார்.

"இன்னைக்கு ஏதாவது உள்ள போகணுங்க. போகலன்னா நாளைக்குக் காலையில மூக்கு வழியா குழாய் போடச் சொல்லிடுவாங்க. அதுக்கு ஆஸ்பத்திரிக்குத்தான் போகணும்."

"ஆஸ்பத்திரிக்குப் போனா..."

"இவங்க இருக்கிற நிலையில எடுத்துட்டுப் போறதே கஷ்டங்க. இதயம் தாங்கணும். உங்ககிட்ட மறைச்சு என்ன ஆகப் போகுது?"

நர்ஸம்மா போன பிறகு வெல்டர் கொல்லையிலேயே உட்கார்ந்துவிட்டார். நல்ல வெயில். கூரைத் தகடு காய்ந்து டிக் டிக்கென்று நெளிந்தது. நேற்றுவரை அவர் மனைவி என்ன கோபம் வந்தாலும் சோற்றின் மேல் காட்டியதில்லை. அப்படிப்பட்டவள் இப்போது பட்டினி கிடந்து சாகப் போகிறாள். பிள்ளை செத்துவிட்டாள் என்று நினைத்துக்கொண்டே சாகப் போகிறாள். பிள்ளை உயிரோடு, அம்மா அம்மா என்று அழுதுகொண்டு, அந்தச் சுவருக்கு முன்பக்கம் வரைக்கும் போனில் வந்து நிற்கிறாள். வெல்டர் வாய்விட்டு அழுதார். தங்கை பக்கத்தில் வந்து நின்றாள்.

"அண்ணே. சுவர்தானே?"

வெல்டர் எழுந்தார்.

காஸை வைத்து வெட்டினால் கண் மூடித் திறப்பதற்குள் வேலை முடியும். ஆனால் உள்ளே மரத்தூள். வருஷக்கணக்கில் காய்ந்து கிடக்கிற தூள். ஒரு பொறி விழுந்தாலும் அந்தப் பக்கம் காலில் எடை கட்டிக் கிடப்பவளை யாராலும் வெளியே கொண்டுவர முடியாது. கட்டிங் மெஷினும் ஆகாது, அதுவும் பொறி கக்கும். கையால்தான் அறுக்க வேண்டும். கைத்துளைப்பானை எடுத்துத் தூசி தட்டினார். சாக்பீஸால் ஒரு தலை நுழைகிற அளவுக்குக் கட்டம் போட்டார். கட்டத்தின் கோட்டில் வரிசையாகத் துளை போட்டு, துளைக்கும் துளைக்கும் நடுவில் உளி வைத்து அடிக்க வேண்டும். முதலில் முன்தகடு, பிறகு பின்தகடு.

"தங்கச்சி, உள்ள போ. கட்டிலைச் சுவரை விட்டுக் கையளவு தள்ளு. அவ மேல ஈரத் துணி போடு. காதுல பஞ்சு வை. பக்கத்துலயே இரு. புகை வாசம் வந்தா கத்து."

"நீ தண்ணி வெச்சிருக்கியா?"

"ரெண்டு வாளி இருக்கு. போ."

முதல் துளை போடவே மூச்சு வாங்கியது. வாலிபத்தில் போட்ட சுவர், கிழட்டுக் கைக்கு வளைந்து கொடுக்குமா? மலிவுத் தகடு வாங்கியிருக்கக் கூடாதா என்று தன்னைத்தானே திட்டிக்கொண்டார். துளைப்பான் சூடேறினால் தண்ணீரில் நனைத்தார். தோள்பட்டை கழன்றுவிடும் போல் இருந்தது. பல துளைகளுக்குப் பிறகு உளியை வைத்து அடித்தார். ஒவ்வொரு அடிக்கும் சுவர் முழுக்க அதிர்ந்தது. அந்தப் பக்கம் படுத்திருப்பவளுக்கு இது என்னவாகக் கேட்கும் என்று நினைத்தபோது கை நின்றது. நிற்க நேரமில்லை. மத்தியானம் வந்துகொண்டிருந்தது. பாப்பாவின் இடைவேளை யாருக்காகவும் காத்திருக்காது.

முன்தகடு மடங்கி விழுந்தது. உள்ளிருந்து மரத்தூள் கொட்ட ஆரம்பித்தது. பொல பொலவென்று காலடியில் குவிந்தது. தண்ணீரைத் தெளித்துத் தெளித்து அள்ளினார். அந்த வாசனை அவருக்குப் பழைய நாளையெல்லாம் கொண்டுவரப் பார்த்தது. அதற்கெல்லாம் இப்போது மனதில் இடமில்லை. மறுபடி துளைப்பானை எடுத்தார். பின்தகட்டில் கடைசி இணைப்பை உளி பிளந்தபோது, போட்டிருந்த சட்டை உடம்போடு ஒட்டியிருந்தது. விரல் ஒன்று கிழிந்து இரத்தம் தகட்டில் கோடாக ஓடியது. தகட்டைத் தன் பக்கமாக மெல்ல இழுத்தெடுத்தார்.

ஓட்டை வழியாக அவள் தெரிந்தாள். ஈரத் துணியையும் காதுப் பஞ்சையும் விலக்கிவிட்டுத் தலையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். இவ்வளவு அருகிலா படுத்திருந்தாள்? பட்டறையில் அவர் நிற்கிற இடத்துக்கும் அவள் தலையணைக்கும் ஒரு கை நீளம்தான்.

போன் அடித்தது.

வெல்டர் எடுத்து, முகத்தைக்கூடப் பார்க்காமல், திரையை அவள் பக்கம் திருப்பி ஓட்டைக்குள் நீட்டினார். தகட்டின் விளிம்பு முழங்கையில் குத்தியது. அவருக்குத் தெரிந்ததெல்லாம் போனின் முதுகும் அதைத் தாண்டி மனைவியின் முகமும்தான்.

"அம்மா! அம்மா, நான் தெரியறேனா?"

அம்மாவின் கண் திரையில் அங்குமிங்கும் அலைந்தது.

"இன்னைக்கு என்ன கிழமை?" என்று கேட்டாள், குரலே எழும்பாமல்.

பாப்பா சொன்னாள். 

"கால் வலி?"

"அப்படியேதான் இருக்கும்மா. நேத்து எண்ணெய் தேய்க்கல. தூங்கிட்டேன்."

பிள்ளைதான். படமில்லை. தங்கை சத்தமில்லாமல் கரண்டியை எடுத்தாள்.

"சாப்பிடலாமாம்மா? உனக்கு ஒரு வாய், எனக்கு ஒரு வாய்" என்றாள் பாப்பா.

அம்மா உதட்டைப் பிரித்தாள். கரண்டி உதட்டைத் தொட்டது. அப்படியே திரையைப் பார்த்தாள். கண்ணைச் சுருக்கினாள். வாயை மறுபடி இறுக்கி மூடிக்கொண்டாள். சுவரையும் வெட்டியாயிற்று, பிள்ளையையும் காட்டியாயிற்று. இதற்கு மேல் வெட்ட அவரிடம் என்ன இருக்கிறது?

"அண்ணி, வாயைத் திறங்க."

"டப்பாவுல ஒண்ணுமே இல்லையே" என்றாள் அம்மா.

அந்தப் பக்கம் டப்பாவை அவசரமாக மூடுகிற சத்தம் கேட்டது.

"பாப்பா. டப்பாவைச் சாய்ச்சுக் காட்டு."

"இருக்கும்மா. நீ சாப்பிடு."

"சாய்ச்சுக் காட்டுன்னு சொன்னேன்."

காட்டினாளோ இல்லையோ, வெல்டருக்குத் தெரியவில்லை. மனைவியின் கண்ணில் தெரிந்தது.

"வெறும் கரண்டியை வாயில வெச்சுட்டு எடுத்தா எனக்குத் தெரியாதா? எத்தனை நாளா இப்படிப் பண்றே?"

"நீ விழுந்ததுல இருந்துதாம்மா" என்ற பாப்பாவின் குரல் உடைந்தது. "இது துவைச்ச துணி வெக்கிற ரூம். உள்ள சாப்பாடு கொண்டு வரக் கூடாது. வேற எங்கயும் போன் பேச விடமாட்டாங்க. இடைவேளை கொஞ்ச நேரம்தான். ஒண்ணு சாப்பிடணும், இல்ல உன்கூட பேசணும். ராத்திரி போய் சாப்பிட்டுக்குவேன். நெஜமா. எனக்குப் பசிக்காதும்மா. நீ ஒரு வாய் வாங்கிக்கோ, உன்னைக் கெஞ்சிக் கேட்டுக்கறேன்."

அம்மா தலையை ஆட்டினாள். "முகம் எப்படி ஒட்டிப்போய்க் கிடக்கு, பாருங்க." இவரிடம்தான் சொன்னாள். இவருக்குப் போனின் முதுகுதான் தெரிந்தது. படம் கலங்கலாக இருந்தவரை அந்த வெறும் கரண்டி அவளை உயிரோடு வைத்திருந்தது. துல்லியமாக்கி அதையும் நான் கெடுத்தேனே என்று வெல்டர் துடித்தார்.

"நீ சாப்பிடு. அப்புறம் நான் சாப்பிடறேன்" என்றாள் அம்மா.

"அம்மா, இங்க முடியாதும்மா."

"அப்ப எனக்கும் வேணாம்."

"பாப்பா," என்று வெல்டர் சுவருக்கு இந்தப் பக்கமிருந்து கத்தினார், "அவ சாயந்தரம் வரைக்கும் தாங்கமாட்டாம்மா. ஏதாவது பண்ணு. நாளைக்குக் குழாய் போடப் போறாங்க."

போனில் ஏதோ சரசரத்தது. கதவு திறக்கும் சத்தம், ஓடுகிற காலடி, கதவு மூடும் சத்தம். ஏதோ ஒரு மூடி திறந்தது. மூச்சிரைக்க பாப்பா வந்து உட்காருவது கேட்டது.

"இதோம்மா. பையில இருந்ததை எடுத்துட்டு வந்துட்டேன். பாரு. காலியா இல்ல, பாரு."

"சாப்பிடு."

அவள் சாப்பிட்டாள். வெல்டருக்கு அது கேட்டது. அழுதுகொண்டே மெல்லுகிற சத்தம். கொஞ்ச நேரத்தில் அந்த அறைக்கதவை யாரோ தள்ளித் திறப்பதும், வேறு பாஷையில் ஒரு பெண்பிள்ளை உரக்கத் திட்டுவதும் கேட்டது. பாப்பா அந்தப் பாஷையில் ஏதோ ஒரே வார்த்தை சொன்னாள், திரும்பத் திரும்ப அதையே சொன்னாள். எழுந்திருக்கவில்லை. மெல்லுவதை நிறுத்தவில்லை. திட்டும் குரல் கிட்டத்தில் வந்துவிட்டது. வேலை போனாலும் போகும் என்று வெல்டருக்குப் புரிந்தது. போகட்டும் என்று சொல்லவும் அவருக்கு வாய் வரவில்லை, எழுந்து போம்மா என்று சொல்லவும் வரவில்லை. கை மரத்து, தோளிலிருந்து விரல்வரை ஆடியது.

அம்மா வாயைத் திறந்தாள்.

தங்கை கரண்டியை வைத்தாள். தொண்டை ஏறி இறங்கியது. இன்னொரு கரண்டி. அதுவும் இறங்கியது. மூன்றாவது கரண்டிக்கு அம்மா தலையைத் தானே கொஞ்சம் முன்னால் கொண்டுவந்தாள். பிறகு போனைத் தாண்டி, ஓட்டைக்கு இந்தப் பக்கம் நிற்கிறவரைப் பார்த்தாள்.

"என்னங்க, கையை ஆட்டாம புடிங்க. பிள்ளை சாப்பிடறது தெரியல."